மாமாவின் வைக்கோல் கோட்

மீன் பொரிக்கப் போகிறேன் என்று அம்மா சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து ஓட வேண்டும். நான் படுக்கையறைக் கதவுகளைச் சாத்துவேன். அப்பா வேலையில் இல்லாவிட்டால் ஜன்னல்களைத் திறப்பார். அம்மா வாசலில் தொங்கும் கோட்டுகளை எல்லாம் ஒன்றாக அள்ளி, ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பால்கனியில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சட்டியில் எண்ணெய் விழும். லண்டன் வால்தம்ஸ்டோவில் இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் ஃப்ளாட். வெளியே பனி கொட்டினாலும் இந்த ஒழுங்கில் மாற்றம் வராது. மீன் மணம் சோற்றுக்கு நல்லது, கோட்டுக்குக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

எனக்கு அந்தச் சட்டம் போதவில்லை. பதினொரு வயதில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் மாதமே, பக்கத்தில் இருந்த பையன் என்னைப் பார்த்து மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காற்றை விசிறினான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது யாரைப் பற்றியது என்று தெரியாதவன் போல.

அந்த வாரமே லூயிஷாமில் இருந்த பெரியம்மாவின் மகனிடம் கெஞ்சி, அவன் பாதி அடித்து முடித்திருந்த ஒரு வாசனை ஸ்ப்ரே டின்னை வாங்கிக்கொண்டேன். டின் கறுப்பாக, பளபளவென்று இருக்கும். ஒருமுறை அடித்தால் மாலை வரை போகாது. தினமும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அடித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நம்பியிருந்தேன்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இரண்டு வருடமாக எங்கள் ஹோலில் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். கிழமை நாட்களில் ஒரு சிக்கன் கடையில் வேலை. சனி, ஞாயிறுகளில் எப்பிங் பக்கம் ஒரு சின்னப் பண்ணையில் மாடு பார்க்கிற வேலை. சிக்கன் கடைக்குப் போகும்போது தொங்கிக்கொண்டிருக்கும் அவருடைய முகம், பண்ணைக்குப் போகும் நாளில் நிமிர்ந்துவிடும்.

மாமி மன்னாரில் இருந்தார். கலியாணம் முடிந்து சேர்ந்து இருந்தது ஆறு வாரம்தானாம். மாமியை லண்டனுக்குக் கூப்பிட நிரந்தர வேலைக் கடிதமும், தங்குவதற்கு ஒரு வீடும் காட்ட வேண்டும். எங்கள் சோபாவை வீடு என்று எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது.

அந்த வருடம் பண்ணைக்காரருக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. குளிர்காலத்துக்கு முன் ஒரு நிரந்தர ஆள் தேவை என்றார். வேலையோடு மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த இரண்டு அறை வீடும் கிடைக்கும். ஆனால் அவருக்கு ஒரு தலையிடி இருந்தது. குளிர்காலத்தில் மாடுகளுக்குப் போட என்று அவர் விதைத்திருந்த கோவா என்கிற முட்டைக்கோஸ் மாதிரியான கீரையை, பக்கத்துக் காட்டு மான்கள் வந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவரிடம் சுடத் துவக்கும் இருந்தது, அதற்கான லைசென்சும் இருந்தது. கூடவே இருந்து இடம் பார்த்து, விழுந்ததை இழுத்து வர ஆள் இல்லை. மானைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். மாமாவோ, நான் வளர்ந்ததே மான்களுக்கு நடுவில்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ எங்கயடா மான் பாத்தனீ? சட்டிக்குள்ள பாத்தனீ!"

"சட்டிக்கு வர முதல் அது காட்டிலதானே அக்கா நிண்டது" என்றார் மாமா.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் அந்தப் பண்ணையிலேயே கவனித்து வைத்திருந்தார். பண்ணையில் வேலை செய்வதற்கென்று அவருக்கு ஒரு பழைய பச்சைக் கோட் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மாடுகளுக்குத் தீனி வைக்கப் போனால், காட்டோரம் நிற்கும் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயும். மிருக வைத்தியர் வந்த அன்று, அவர் முகத்தில் பூசியிருந்த வாசனைத் தண்ணீர் காற்றில் போனதும் ஒரு மான்கூட மிஞ்சவில்லையாம். மான்களுக்கு மாட்டு மணம் அயல் வீட்டு மணம். மனிதனின் வேர்வை, சவர்க்காரம், வாசனை இவைதான் ஆபத்து. ஆகவே மாமா அந்தக் கோட்டை வைக்கோலோடு சுருட்டி, கன்றுக்குட்டிகளைத் துடைத்த துணியையும் உள்ளே வைத்து, ஒரு கறுப்புப் பையில் கட்டி எங்கள் பால்கனியில் வைத்தார். அம்மாவின் பைக்குப் பக்கத்திலேயே மாமாவின் பை. ஒன்று மணம் உள்ளே போகாமல் இருக்க, மற்றது மணம் வெளியே போகாமல் இருக்க. ஒருநாள் அம்மா பையை மாறித் திறந்துவிட்டார்.

"எடேய்! இதைப் போட்டுக்கொண்டோ வெள்ளைக்கார வீட்டுக்குப் போறனீ? இண்டைக்கே தோய்க்கிறன்."

"அக்கா, தயவுசெய்து அதில கை வைக்காதேங்கோ. ஒரு மாதமா மாட்டோட கிடந்த கோட். இதைப் போட்டால் மானுக்கு நான் ஒரு மாடு."

"மானுக்கு மட்டுமில்லை, எனக்கும் நீ மாடுதான்" என்று சொல்லி அம்மா பையைக் கட்டினார்.

ஒக்டோபர் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை வேட்டைக்கு நாள் குறிக்கப்பட்டது. அன்று அம்மாவுக்குத் துப்புரவு வேலை. அப்பா பேக்கரி ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று நான் மாமாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன். மாமா ஒரு நிபந்தனை வைத்தார். நான்கு நாளைக்கு வாசனைச் சவர்க்காரம் இல்லை, பவுடர் இல்லை, எண்ணெய் இல்லை. வெறும் தண்ணீர் மட்டும்.

"மருமோன், இது விளையாட்டில்லை. கிழவன் அண்டைக்குத்தான் முடிவெடுக்கப் போறார். சத்தியமோ?"

"சத்தியம் மாமா."

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. பிறத்தி வீட்டுக்குப் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போடாமல் அனுப்புவதா? வெறுங்கையோடு போகக் கூடாது என்று காலையில் எழுந்து மீன் ரோல்ஸ் பொரித்தார். மாமா கும்பிட்டுக் கேட்டதால் அதை மூன்று சுற்று அலுமினியத் தாளில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு பையில் கட்டி, காரின் பின்பெட்டியில் வைக்கச் சம்மதித்தார்.

புறப்படுவதற்குச் சற்று முன் நான் குளியலறைக்குப் போனேன். டின் என் கையில் இருந்தது. நான் செய்த யோசனையை இப்போதும் மறக்கவில்லை. மான் தூரத்தில் நிற்கும். பண்ணைக்காரர் பக்கத்தில் நிற்பார். பக்கத்தில் நிற்பவரின் மூக்கைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்? சட்டைக்குள் இரண்டு பக்கமும் அடித்தேன். நெஞ்சில் ஒன்று. சத்தியம் சவர்க்காரத்துக்கும் பவுடருக்கும் எண்ணெய்க்கும்தான், ஸ்ப்ரே என்று யாரும் சொல்லவில்லை என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாமாவின் கார் ஒரு சின்னச் சிவப்புக் கார். எங்கள் தெரு முடிவதற்குள்ளேயே மாமா தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். சிக்னலில் நின்றபோது எனக்குக் குறுக்கே எட்டி, என் பக்கக் கண்ணாடியையும் இறக்கினார். வெட்டுகிற குளிர் காற்று உள்ளே வந்தது.

"மாமா, குளிருது."

"முன் கண்ணாடி மங்குது மருமோன். காத்து வேணும்."

நான் முன் கண்ணாடியைப் பார்த்தேன். அது பளிச்சென்று இருந்தது. முன்னால் போன பஸ்ஸின் பின்பக்க எழுத்தெல்லாம் படிக்க முடிந்தது. ஆனால் கார் மாமாவுடையது, அதைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். எப்பிங் வரும்வரை என் காது இரண்டும் கல்லாகிவிட்டன.

பண்ணைக்காரர் நெடுத்த மனிதர். பெரிய ஆளுக்குக் கொடுப்பது போல எனக்குக் கை கொடுத்தார். நான் வேண்டுமென்றே அவருக்கு மிகவும் கிட்டப் போய் நின்றேன். மூக்கைப் பிடிக்கிறாரா என்று பார்க்கத்தான். பிடிக்கவில்லை. கண்ணை இரண்டு தடவை சிமிட்டிவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா உடனே, பிள்ளைக்குக் கன்றுகளைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று என்னைக் கொட்டிலுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

ஒரு கன்றைக் காட்டி, "இது புது ஆக்களைக் கண்டால் பயப்படும். நல்லாக் கட்டிப் பிடி" என்றார். கட்டிப் பிடித்தேன். அது என் கழுத்தை நக்கியது. பிறகு இன்னொரு கன்று. அதுவும் பயந்த கன்றாம். பிறகு ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கி மற்ற மூலையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இல்லை, முதலில் இருந்த இடம்தான் சரி என்றார். திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் வைக்கோல் தூள். மாமா மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு நல்ல வேலைக்காரனாக மாமாவுக்கு உதவினேன் என்று எனக்குப் பெருமை.

நான்கு மணிக்குக் கீரை வயலின் கீழ்ப்பக்க வேலியோரம் போய் உட்கார்ந்தோம். இடது பக்கத்து வயலில் மாடுகள் மேய்ந்தன. கீரைக்கு அப்பால் ஒரு மண்மேடு. அந்த மேடு இருக்கும் திசையில்தான் சுடுவேன், இடையில் ஒரு மாட்டு வால் தெரிந்தாலும் சுடமாட்டேன் என்று பண்ணைக்காரர் எனக்கு விளக்கினார். காய்ந்த புல்லைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். காற்று காட்டிலிருந்து எங்களை நோக்கி வந்தது. நல்லது என்றார்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. முதலில் ஒரு பெண்மான் வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. கடைசியில் கொம்பு வைத்த இளம் ஆண்மான் ஒன்று. அதைத்தான் பண்ணைக்காரர் எதிர்பார்த்திருந்தார். துவக்கை மெதுவாகத் தோளில் வைத்தார். அந்த நேரம் பார்த்து வேலியில் இருந்த இலைகள் எல்லாம் மறுபக்கம் திரும்பின. காற்று மாறிவிட்டது.

முதல் பெண்மான் தலையைத் தூக்கியது. மூக்கை ஆட்டியது. மாமாவையோ பண்ணைக்காரரையோ அது பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் பார்த்தது போலவே இருந்தது எனக்கு. நாய் குரைப்பது போல ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடி வயலில் ஒன்றும் இல்லை. மாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

பண்ணைக்காரர் துவக்கை இறக்கினார். எது மணத்தது என்று மாமாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மாமாவின் வேலை, அந்த இரண்டு அறை வீடு, மன்னாரில் காத்திருக்கும் மாமி, எல்லாம் என் சட்டைக்குள் இருந்தன. நான்தான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறக்கப் பார்த்தேன்.

மாமா முந்திக்கொண்டார். என்னுடைய கோட்தான், நேற்று வீட்டில் மீன் பொரித்தார்கள், கோட் குசினியில் தொங்கிக்கொண்டு இருந்துவிட்டது, பிழை என்னுடையது என்றார். ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். நான்கூட நம்பிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரருக்குத் தெரியக் கூடாது என்று அம்மா இத்தனை வருடம் பையில் கட்டி வைத்ததை, மாமா வயலுக்கு நடுவில் அவிழ்த்துவிட்டார்.

"மீனா?" என்றார் பண்ணைக்காரர். குனிந்து மாமாவின் கையை எடுத்து, கோட்டின் கையை ஆற அமர மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொரித்த மீன் தனக்கும் பிடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், மேல்பக்கம் மாடுகளின் தண்ணீர்த் தொட்டியடியில் போய் இருந்து பார்ப்போம், அந்தப் பக்கம் மாடுகள் படுத்திருக்கின்றன, அவற்றின் மணம் எங்களை மூடிக்கொள்ளும் என்றார் அவர். பிள்ளைக்குக் குளிரும், வீட்டில் தன் மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டு இருக்கட்டுமே என்றும் சொன்னார். நான் மாமாவைப் பார்த்தேன். போ என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்.

"இல்லை, அவன் என்னோட வருவான்" என்றார் மாமா.

சொல்லிவிட்டுத் தன் பச்சைக் கோட்டைக் கழற்றினார். ஒரு மாதமாக வைக்கோலில் வைத்துக் காப்பாற்றிய கோட்டை எனக்குப் போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். அது என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"காருக்குள்ள குளிருது எண்டனியெல்லோ."

அவர் மெல்லிய கம்பளிச் சட்டையோடு நின்றார். நான் கோட்டின் கழுத்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தேன். வைக்கோல் மணத்தது. கன்றுக்குட்டி மணத்தது. புளித்த பால் மணத்தது. மீனைக் காணவில்லை. மாமாவுக்கும் அந்த வெள்ளைக்காரருக்கும் என்னைவிடக் கூர்மையான மூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியடியில் ஒரு மாடு எழுந்து என்னிடம் வந்தது. கோட்டின் கையை நக்கத் தொடங்கியது. உப்புத்தாள் போன்ற நாக்கு. ஒவ்வொரு நக்கலுக்கும் என் கை மேலே போய்க் கீழே வந்தது. நான் அசையவில்லை, மூச்சும் விடவில்லை. எனக்குப் பக்கத்தில் மாமாவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. சத்தம் வராமல் இருக்கத் தொப்பியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டார்.

சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கும்போது அந்த இளம் ஆண்மான் தனியாக வந்தது. தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. மாடு என்னை விட்டுவிட்டு அதைப் பார்த்தது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தன, சந்தையில் தெரிந்தவர்கள் பார்ப்பது போல. பிறகு மான் குனிந்து கீரையைக் கடித்தது. அது கடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. பண்ணைக்காரர் காத்திருந்தார். இன்னொரு மாடு நேர்கோட்டை விட்டு விலகும்வரை காத்திருந்தார். மானுக்குப் பின்னால் மண்மேடு வரும்வரை காத்திருந்தார்.

ஒரே ஒரு சத்தம். மாடுகள் கொஞ்சத் தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தன. மாமா வாயிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டார். மாமா கையைப் பிடித்துக்கொண்டதால் கிட்டப் போய்ப் பார்த்தேன். மானின் கண் திறந்திருந்தது. பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பிறகு மாமாவோடு தனியாகக் கொட்டில் வாசலில் பேசினார். எனக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. குளிர் என்றார்.

"என்ன மாமா சொன்னவர்?"

"திங்கக்கிழமை வந்து வீட்டைப் பாக்கட்டாம். கூரை ஒரு மூலையில ஒழுகுமாம்." ஒழுகும் கூரையைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசிய மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

அப்போதுதான் ரோல்ஸ் நினைவு வந்தது. காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்து, அத்தனை தாளையும் பிரித்து நீட்டினேன். பண்ணைக்காரர் நின்றபடியே மூன்று சாப்பிட்டார். உள்ளே என்ன என்று கேட்டார். மீன் என்றேன். "ஓ, இதுதானா அந்த மீன்?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்ணைக்காரரும் சிரித்தார். எனக்கு அதில் என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை. பெரிய ஆட்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு பண்ணைக்காரர் கொடுத்தனுப்பிய மானின் ஈரலை அம்மா மிளகு போட்டுப் பிரட்டினார். மாமா சொல்லும் கதையைக் கேட்கிற அவசரத்தில், கோட்டுகளைப் பையில் போட மறந்தே போனார். திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாக ஸ்ப்ரே அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இப்படி நடந்த பிறகு திருந்திவிட்டேன் என்று உங்களுக்கு எழுத ஆசைதான். ஆனால் அதற்குப் பல வருடங்கள் எடுத்தன.

அடுத்த வருடம் மாமி வந்தார். மாமா விமான நிலையத்துக்கு அந்தப் பச்சைக் கோட்டையே போட்டுக்கொண்டு போனார். மாமி அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "என்னப்பா, மாடு மணக்குது" என்பதுதான். அதைக் கேட்டு, கூடப் போயிருந்த அம்மா அங்கேயே சிரித்து அழுதார்.

கோட்டில் மீன் மணக்கவில்லை என்பதும், மீன் மணப்பதாகச் சொன்ன கோட்டை எனக்கு ஏன் போட்டார் என்பதும் வளர வளரத்தான் எனக்கு மெல்ல விளங்கின. ஆனால் அந்தக் கார்க் கண்ணாடியை மட்டும் நான் மறந்தே போயிருந்தேன்.

இந்த இலையுதிர் காலம், பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய என் மகனைக் காலையில் காரில் ஏற்றினேன். கதவைச் சாத்தியதும் எனக்குத் தும்மல் வந்தது. கண் எரிந்தது. அவன் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். அந்த இருப்பு எனக்குத் தெரியும்.

என் கை தானாகப் போய் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கியது.

"அப்பா, குளிருது."

"முன் கண்ணாடி மங்குது, அப்பன்."

அவன் முன் கண்ணாடியைப் பார்த்தான். வெயிலில் அது பளபளத்தது. கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.